‘ப்ரூக்ளின்’: கடைசிக் கப்பலில் என்ன நடக்கிறது

படம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். “சரி கண்ணு, அந்த ஆத்தாளுக்கு இனி ஆரு சோறு போடுவா?”

நான் எதிர்பார்த்தது வேறு கேள்வி. 2015இல் வந்த ‘ப்ரூக்ளின்’ படத்தைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்பது, நாயகி எய்லிஷ் உண்மையிலேயே விரும்பியது டோனியையா ஜிம்மையா, அந்த மளிகைக் கடைக்காரம்மா கூப்பிட்டு மிரட்டாமல் இருந்திருந்தால் அவள் அயர்லாந்திலேயே தங்கியிருப்பாளா என்பதைத்தான். முதல் தடவை பார்த்துவிட்டு நானும் கம்பெனி வேனில் தோழியோடு திருப்பூர் அனுப்பர்பாளையம் வந்து சேரும்வரை இதைத்தான் அடித்துப் பேசிக்கொண்டு வந்தேன். இரண்டாம் தடவை அம்மாவோடு உட்கார்ந்து, அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் வசனத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே பார்த்தபோது, நாங்கள் வேனில் போட்ட சண்டையே வீண் என்று தோன்றியது. முடிவுக்கான சாவி கப்பலில் இருக்கிறது. அந்த இரண்டு பையன்களிடமும் இல்லை.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றி எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை 1950களின் தொடக்கத்தில் நடக்கிறது. அயர்லாந்தின் தென்கிழக்கில் என்னிஸ்கார்த்தி என்று ஒரு சின்ன ஊர். அப்பா இல்லாத வீடு. அம்மா, அக்கா ரோஸ், தங்கை எய்லிஷ். ரோஸுக்கு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை இருக்கிறது, எய்லிஷுக்கோ மிஸ் கெல்லி என்பவரின் மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கிற வேலை. இது வேலைக்கு ஆகாது என்று ரோஸே அமெரிக்காவில் இருக்கும் ஃபாதர் ஃப்ளட் என்ற பாதிரியாருக்கு எழுதித் தங்கையைக் கப்பலேற்றுகிறாள். நியூயார்க்கின் ப்ரூக்ளினில் பெண்கள் மட்டும் தங்கும் ஒரு வீட்டில் அறை, பெரிய துணிக்கடையில் விற்பனை வேலை, ராத்திரியானால் அழுகை. பிறகு கணக்கியல் மாலை வகுப்பு, பிறகு டோனி என்ற இத்தாலியக் குடும்பத்துப் பிளம்பர் பையன். அக்கா திடீரென்று இறந்துபோகிறாள். ஊருக்குக் கிளம்பும் முன் டோனி கெஞ்சியதால் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். ஊருக்கு வந்தால் அங்கே ஜிம் என்ற உள்ளூர்ப் பையன், நல்ல வேலை, அம்மா, கடற்கரை எல்லாம் அவளை இழுக்கின்றன. மிஸ் கெல்லிக்குக் கல்யாணச் செய்தி எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்துவிடுகிறது. எய்லிஷ் மறுபடியும் கப்பலேறுகிறாள்.

ஜான் க்ரௌலி இயக்கம், நிக் ஹார்ன்பி திரைக்கதை. மூலம் கொலம் டோபீன் 2009இல் எழுதிய அதே பெயருள்ள நாவல். டோபீன் என்னிஸ்கார்த்தியிலேயே பிறந்தவர். எய்லிஷாக நடித்த சர்ஷா ரோனன், அயர்லாந்துக்காரர்களுக்கு நியூயார்க்கில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர், அதாவது கதையைத் திருப்பிப் போட்ட பிறப்பு. இன்னொரு வேடிக்கை, படத்தில் நாம் பார்க்கும் ப்ரூக்ளின் தெருக்களில் பெரும்பாலானவை கனடாவின் மாண்ட்ரியலில் எடுத்தவை.

இந்தக் கதை எனக்கு நெருக்கமாகப் பட்டதற்குக் காரணம் எங்கள் வீடு. எங்கள் காம்பவுண்டில் ஆறு லைன் வீடு இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் இருந்தன. இப்போது பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். எல்லாருக்கும் பொதுவாகத் திருப்பூர் வைத்திருக்கும் பெயர் ‘இந்திக்காரங்க’, ஒடியா பேசுகிறவனுக்கும் அதே பெயர்தான். வாடகை வாங்குவதும் குழாயடிப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதும் அம்மா. படத்தில் ஜூலி வால்டர்ஸ் நடித்த அந்த வீட்டுக்காரம்மா மிஸஸ் கியோவைப் பார்த்ததும் நான் சிரித்தேன், அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எய்லிஷ் போவது ஆசைக்காக இல்லை. அயர்லாந்தில் 1951 முதல் 1961 வரையிலான பத்தாண்டில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் நிகரமாக வெளியேறினார்கள், பெரும்பாலும் பக்கத்திலிருந்த இங்கிலாந்துக்கு. 1961 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 28 லட்சம் சொச்சம்தான். அப்படியென்றால் வீட்டுக்கு வீடு ஒரு காலி நாற்காலி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு, முந்தின ராத்திரியே உயிரோடு இருக்கும்போதே இழவு வீடு போலக் கூடி விழித்திருந்து வழியனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. ‘அமெரிக்க இழவு’ என்றே அதற்குப் பெயர். திரும்பி வரமாட்டார்கள் என்று அவ்வளவு நிச்சயம். நம் ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

போனவர்கள் திரும்பாமலும் போய், போன இடத்தில் சேராமலும் போனால் என்ன ஆகும் என்பதைப் படம் ஒரே ஒரு காட்சியில் காட்டிவிடுகிறது. கிறிஸ்துமஸ் அன்று ஃபாதர் ஃப்ளட் ஏற்பாடு செய்யும் சாப்பாட்டில் எய்லிஷ் பரிமாறப் போகிறாள். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் வயதான அயர்லாந்து ஆண்கள், நியூயார்க்கின் சுரங்கங்களையும் பாலங்களையும் சாலைகளையும் கட்டியவர்கள், இப்போது யாரும் இல்லாதவர்கள். இவர்கள் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்கிறாள். உன்னை மாதிரி கெட்டிக்காரப் பெண்ணுக்கே அங்கே ஒன்றுமில்லை என்றால் இவர்களுக்கு என்ன இருக்கப்போகிறது என்கிறார் பாதிரியார். ஒருவர் எழுந்து ஐரிஷ் மொழியில் பாடுகிறார், அர்த்தம் போடாமல் விட்டிருக்கிறார்கள், போட்டிருந்தால் கெட்டிருக்கும். அம்மா இந்தக் காட்சியில் மட்டும் வசனம் சொல்லச் சொல்லி என்னை நச்சரிக்கவில்லை.

அந்தக் கிழவர்கள்தான் எய்லிஷுக்குக் காத்திருக்கும் இன்னொரு முடிவு. படத்தின் கடைசியில் அவளுக்கு முன்னால் உண்மையில் இருக்கும் வழி மூன்று: ஊரில் தங்குவது, ப்ரூக்ளினில் சேர்ந்துவிடுவது, இரண்டு இடத்துக்கும் இல்லாமல் அந்த மேசையில் போய் உட்காருவது.

இனி ஊரின் இழுப்புக்கு வருவோம், ஏனென்றால் பலருக்கும் இங்கேதான் எய்லிஷ் மேல் கோபம் வருகிறது. கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள் எப்படி இன்னொருவனோடு சுற்றலாம், டோனியின் கடிதங்களைப் பிரிக்காமல் எப்படி டிராயரில் போட்டு வைக்கலாம் என்று. எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்த ஊர் அவளுக்கு என்ன கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வேலை கொடுக்கிறது. யாருடைய வேலை? ரோஸின் வேலை, ரோஸ் உட்கார்ந்த அலுவலகத்திலேயே. அம்மா கூடவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். எந்த இடத்தில்? ரோஸ் இருந்த இடத்தில். அக்கா செத்ததால் காலியான இடத்தில் தங்கையைப் பொருத்திவிட ஊரே சேர்ந்து, அன்போடுதான், வேலை பார்க்கிறது. ஜிம் நல்லவன், டோனல் க்ளீசன் அவனைக் கொஞ்சமும் கோமாளியாக்காமல் நடித்திருக்கிறார், அதனால்தான் வலிக்கிறது. ஆனாலும் அந்த வாழ்க்கை வேறொருத்திக்காகத் தைத்த உடுப்பு. கொஞ்சம் பிடித்தால் இவளுக்கும் சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போன எந்தத் திருப்பூர்க்காரரைக் கேட்டாலும் இந்த மயக்கத்தைச் சொல்வார்கள். பத்து நாள் லீவில் ஊர் மாதிரி ஒரு ஊர் உண்டா! கையில் போனஸ் காசு இருக்கும், உடம்பில் புதுச் சட்டை இருக்கும், எதிரில் வருகிறவர்கள் எல்லாம் ‘எப்ப வந்தீங்க’ என்று நின்று பேசுவார்கள், இத்தனை வருஷம் தெரியாத ஆறும் தோப்பும் அப்போதுதான் கண்ணில் படும். லீவு முடிந்து பதினோராம் நாளும் அங்கேயே இருந்தால்தான் ஊரின் இன்னொரு முகம் தெரியும். எய்லிஷ் ஊரில் இருந்ததெல்லாம் பதினோராம் நாளுக்கு முன்னால்தான். கரக்ளோ கடற்கரைக்குப் போகும்போது நீச்சலுடையை உள்ளேயே போட்டுக்கொண்டு வருகிறாள், கூட வந்தவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு மாற்றத் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் கற்றது அது. ஊருக்கு இப்போது அவளைப் பிடித்திருப்பதே அவள் ஊரை விட்டுப் போய் வந்ததால்தான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைக்கிறவர் மிஸ் கெல்லி.

படத்தின் தொடக்கத்தில் இந்த அம்மாவின் கடையில் ஒரு சின்னச் சம்பவம் வரும். கூட்டம் வரிசையில் நிற்க, தனக்கு வேண்டிய ஒரு பெரிய வீட்டம்மாவை முன்னால் கூப்பிட்டு சாமான் கொடுப்பார். இன்னொரு பெண் ஷூ பாலிஷ் கேட்க, ஞாயிற்றுக்கிழமை அதுவுமா ஷூ பாலிஷ் வாங்குகிற நாள் என்று எல்லார் முன்னாலும் குத்திக் காட்டுவார். அவ்வளவுதான். என்னிஸ்கார்த்தி என்றால் என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டார்கள். இதில் இன்னொன்று கவனித்தேன், தற்செயலாகவும் இருக்கலாம். முதல் கப்பல் பயணத்தில் கூடத் தங்கும் ஜார்ஜினா, குடியேற்ற அதிகாரி முன்னால் போய் நிற்பதற்குச் சொல்லிக்கொடுப்பவற்றில் ஒன்று, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள் என்பது. ஓர் ஊரில் கேட்டதற்கே அவமானப்பட வைத்த பொருள், அடுத்த ஊருக்குள் நுழைய வேண்டிய சாமானாகிவிடுகிறது.

சரி, கடைசியில் மிஸ் கெல்லி எய்லிஷைக் கூப்பிட்டு அனுப்புகிறார். உன் கல்யாண விஷயம் எனக்குத் தெரியும் என்கிறார், அதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்து, இனிப்பு வைத்துக் கொடுக்கிற மாதிரி. இது வெறும் ஊர்வம்பு என்று நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டம் விவாகரத்தையே தடை செய்திருந்தது, 1995இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அந்தக் காலத்து என்னிஸ்கார்த்தியில் ரகசியக் கல்யாணத்தை மறைத்துக்கொண்டு இன்னொருவனைக் கட்டுவது, வெளியே தெரிந்தால் குடும்பத்தோடு தலை குனிகிற காரியம். மிஸ் கெல்லியின் கையில் இருந்தது கத்திதான்.

எய்லிஷ் முதலில் ஆடிப்போகிறாள். அப்புறம் ஒரு வார்த்தை சொல்கிறாள்: நான் மறந்துவிட்டேன். எதை? இந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை. சொல்லிவிட்டு, என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கிறாள். ஜிம்மிடமிருந்து என்னைப் பிரிக்கவா, நான் அமெரிக்கா போவதைத் தடுக்கவா? மிஸ் கெல்லியிடம் பதில் இல்லை. அவருக்கே தெரியாது. கையில் ரகசியம் கிடைத்தது, அதை அழுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் எய்லிஷ் தன் பெயரை, டோனியின் குடும்பப் பெயரோடு சேர்த்து, சொல்கிறாள்: எய்லிஷ் ஃபியோரெல்லோ.

அவள் தானாகத் திரும்பினாளா, துரத்தப்பட்டாளா என்ற சண்டைக்கு என் பதில் இந்தக் காட்சியில் இருக்கிறது. துரத்தப்பட்டாள் என்பது உண்மை. மிஸ் கெல்லி கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் சில வாரம், ஒருவேளை இன்னும் சில மாதம், கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்திருக்கும், அந்தக் கோழைத்தனத்தைப் படம் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டாம். ஆனால் துரத்தப்பட்ட ஒருத்தி ஓடுகிற மாதிரி அவள் ஓடவில்லையே. மன்னிப்புக் கேட்டு வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். ஜிம்மிடம் போய் அழுதிருக்கலாம். பெயரைச் சொன்னதோடு மிஸ் கெல்லியின் கையிலிருந்த ரகசியம் ரகசியமாக இல்லாமல் போய்விட்டது, அப்புறம் கத்திக்கு என்ன வேலை? ஒதுங்கி ஒதுங்கிப் பேசிய அந்தக் கடைப் பெண் தன் கல்யாணத்தை ஊரில் முதல்முறை வாய்விட்டுச் சொல்வது தன்னை அதட்டி வேலை வாங்கிய முதலாளியம்மாவிடம். டோனிக்குக்கூட அவள் இவ்வளவு உறுதியாகச் சம்மதம் சொன்னதில்லை.

பெற்ற அம்மாவிடம் சொல்வது அதற்கு அப்புறம்தான். இந்தக் காட்சியைத்தான் அம்மா திருப்பிப் போடச் சொன்னார். அந்தத் தாய் கத்தவில்லை, சபிக்கவில்லை. பையன் நல்லவனா என்று கேட்கிறார். பிறகு, தான் படுக்கப் போவதாகவும் இப்போதே விடை சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். காலையில் வாசலில் நின்று கையாட்டுகிற வேலை இல்லை. நாங்கள் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வரேனுங்’ என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார். அந்த ஐரிஷ் தாய் தன் மகள் சொல்லப்போவது ‘போறேன்’ என்று தெரிந்து, அந்த வார்த்தை காதில் விழும் முன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறார். நாவலில் எய்லிஷுக்கு இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அண்ணன்மார் உண்டு. படத்தில் அவர்களை எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி மிஞ்சுவது ஒரே ஆள். அம்மாவின் சோற்றுக் கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

ஜிம்முக்குக் கிடைப்பது ஒரு கடிதம். அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி கப்பல். முதல் பயணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாத எய்லிஷ் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கடல் குலுக்கியதும் குளியலறைக்கு ஓடுகிறாள். அது இரண்டு அறைக்குப் பொது. பக்கத்து அறைக்காரர்கள் அந்தப் பக்கமிருந்து பூட்டிக்கொண்டுவிட்டார்கள். வாளிதான் கதி. வந்து போய்ப் பழகிய ஜார்ஜினா அவளைத் தேற்றி, அந்தக் குளியலறையைப் பதிலுக்கு எப்படிப் பூட்டிக் கைப்பற்றுவது என்று காட்டி, முகத்துக்கு லேசாகப் பூசிவிட்டு, நிமிர்ந்து நில், இருமாதே, அப்பாவி மாதிரி முழிக்காதே என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள். அதற்குப் பிறகு ஜார்ஜினா படத்தில் வருவதே இல்லை.

கடைசிப் பயணத்தில் தளத்தில் நிற்கும் எய்லிஷிடம் ஒரு சின்னப் பெண் வந்து பேச்சுக் கொடுக்கிறாள். முதல்முறை போகிறவள். ப்ரூக்ளினில் நம்மவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களாமே, ஊர் மாதிரியே இருக்குமாமே, நிஜமா? எய்லிஷ் ஒரு கணம் யோசித்துவிட்டு ஆமாம் என்கிறாள். பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். சாப்பாடு, குளியலறைக் கதவு, குடியேற்ற வரிசையில் எப்படி நிற்பது. ஜார்ஜினா சொன்னவற்றில் பாதி இதில் இருக்கிறது. மீதிப் பாதி அவளே பட்டுத் தெரிந்துகொண்டது: செத்துவிடலாம் போல ஊர் நினைப்பு வரும், பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை, ஆனால் அதனால் உயிர் போகாது. ஒருநாள், பழசோடு சம்பந்தமே இல்லாத, உனக்கு மட்டுமே சொந்தமான ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பாய். உன் வாழ்க்கை இங்கேதான் என்று அன்றைக்குத் தெரியும்.

முன்பு அவள் கடையில் அழுது நின்றபோது ஃபாதர் ஃப்ளட் சொன்ன ஒரு சொல் இங்கே வந்து பொருந்துகிறது. ஊர் ஏக்கமும் மற்ற நோய்களைப் போலத்தான், கொஞ்சநாள் பாடுபடுத்தும், பிறகு உன்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது அது பாதிரியார் சொல்கிற ஆறுதல் மாதிரி இருந்தது. கப்பலில் பார்த்தால் அது அப்படியே நடந்திருக்கிறது. நோய் எய்லிஷை விட்டு இறங்கி, எதிரில் நிற்கும் அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்விட்டது. மருந்தும் கூடவே கைமாறுகிறது.

இதை நான் எங்கள் காம்பவுண்டிலேயே பார்த்திருக்கிறேன். நாலாம் நம்பர் வீட்டில் ஓர் ஒடிசாப் பையன் ஐந்து வருஷமாக இருக்கிறான். வந்த புதிதில் கைமடிக்கு, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, நின்றவன், இப்போது ஓவர்லாக் தைக்கிறான். முதல் இரண்டு மாதம் ராத்திரியில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பான், அந்தப் பக்கம் அவன் அம்மா பேசிக்கொண்டே இருப்பது எங்கள் ஜன்னல் வரை கேட்கும். அப்போதெல்லாம் அம்மா அவனைப் பார்த்து, “தின்னயா சாமி?” என்று கேட்பார், அவன் தலையாட்டுவான், கேட்டது புரிந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வரும்போது பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலம் நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பெரியவன் சின்னவனைக் கூட்டிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். பேச்செல்லாம் ஒடியா. எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் நடுநடுவே தமிழ் வார்த்தைகள் கல் மாதிரி விழுந்தன. ஒரு குழாயைத் தொட்டு ‘உப்புத் தண்ணி’. இன்னொன்றைத் தொட்டு ‘நல்ல தண்ணி’, அதோடு நான்கு விரலைக் காட்டினான், நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்று. எங்கள் வாசலைக் காட்டி ‘அம்மா’, ‘வாடகை’, ‘அஞ்சாந் தேதி’. பிறகு ‘மாஸ்டர்’, ‘சனிக்கெழம சம்பளம்’. சின்னவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான், ‘ழ’ வரவில்லை, பெரியவன் திருத்தினான். அவனுக்கே அது வராது!

நல்ல தண்ணி எது, உப்புத் தண்ணி எது என்று இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்த அன்றைக்குத்தான் அவன் திருப்பூருக்கு வந்து சேர்ந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரயிலை விட்டு இறங்கியது வேறு கணக்கு. எய்லிஷும் அப்படித்தான். கப்பல் தளத்தில் பேசி முடித்தபோது அவள் ப்ரூக்ளின்காரி ஆகிவிட்டாள், கரை இன்னும் எத்தனையோ நாள் தூரம்.

அதனால்தான் கடைசிக் காட்சி, டோனி தெருவைக் கடந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிற காட்சி, கொஞ்சம் கூடுதலோ என்று முதலில் நினைத்தேன். படத்தைக் கப்பலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் அதிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கதை நெடுக மாலை வகுப்பு விடுகிற நேரத்துக்கு வந்து வாசலில் நின்று காத்திருப்பது டோனி. கடைசியில் வெயில் விழும் ஒரு சுவரில் சாய்ந்து, அவன் வேலை முடிந்து வெளியே வரும்வரை காத்திருப்பது அவள். காத்திருக்கிறவர் மாறிவிட்டார். அந்தத் தெருவில் அவள் நிற்கிற நிற்பில் வந்தவளின் கூச்சம் இல்லை, இந்தத் தெருவில் நிற்க எனக்கு உரிமை உண்டு என்கிற மாதிரி நிற்கிறாள். சொன்னேனே, சர்ஷா ரோனன் பிறந்ததே நியூயார்க்கில்தான்.

நாவல் இப்படி முடியவில்லை. அதில் கப்பல் பெண்ணும் இல்லை, சுவரும் இல்லை, டோனியும் இல்லை. எய்லிஷ் ஊரை விட்டுக் கிளம்பிய ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கேயே கதை நின்றுவிடுகிறது. போதாததற்கு 2024இல் டோபீன் ‘லாங் ஐலேண்ட்’ என்று தொடர்ச்சியும் எழுதிவிட்டார். 1976. எய்லிஷுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல், வளர்ந்த பிள்ளைகள், சுற்றிலும் டோனியின் சொந்தபந்தம். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவன் கதவைத் தட்டி, உன் புருஷனால் என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், குழந்தை பிறந்ததும் உன் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்கிறான். அவள் மறுபடி என்னிஸ்கார்த்திக்குப் போகிறாள். இதைப் படித்தவர்களில் சிலர், அப்படியானால் அந்தச் சுவர்க் காட்சியே பொய்தானே, ஜிம்மையே கட்டியிருக்கலாமே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டோனி நல்ல புருஷனாக இருப்பான் என்று படம் எங்கேயும் உத்தரவாதம் கொடுக்கவில்லை, கொடுத்ததாக நாமாக எடுத்துக்கொண்டோம். எய்லிஷ் வந்து சேர்ந்தது ஓர் ஊருக்கு. புருஷன் சரியில்லை என்றால் ஊர் பொய்யாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் திருப்பூரில் பாதிப் பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தத் தொடர்ச்சியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். டோனியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆம்பளைகளைப் பற்றி அவருக்கு ஆச்சரியம் கிடையாது. எய்லிஷ் ஊருக்குப் போவது தன் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி என்று சொன்னதும் நிமிர்ந்தார். “எம்பதா? அப்ப ஆரோ சோறு போட்டிருக்கறாங்க.”

பிறகு முதல் நாவலின் முடிவையும் சொன்னேன். ரயிலில் எய்லிஷ் ஒன்றைக் கற்பனை செய்கிறாள். ஜிம் தன்னைத் தேடி வீட்டுக்கு வருவான், அம்மா அவனிடம், அவள் ப்ரூக்ளினுக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்று சொல்வார். காலம் போகப் போக அந்த வார்த்தைக்கு, கேட்டவனிடத்தில் அர்த்தம் குறைந்துகொண்டே போகும், தன்னிடத்தில் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“போயிட்டான்னு சொல்லுச்சா, திரும்பிப் போயிட்டான்னு சொல்லுச்சா?”

திரும்பி என்றுதான் இருக்கிறது என்றேன். அதுவும் மகள் கற்பனை செய்வதுதான், அந்தம்மா நிஜமாகச் சொன்னது இல்லை என்றும் சொன்னேன்.

“ஆரு நெனச்சா என்ன” என்றார் அம்மா. காங்கேயம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து நாற்பத்து மூன்று வருஷம். இன்னும் தன் பிறந்த ஊருக்குக் கிளம்பும்போது ‘ஊட்டுக்குப் போறேன்’ என்றும், அங்கிருந்து கிளம்பும்போது ‘ஊட்டுக்குப் போறேன்’ என்றும்தான் சொல்வார். நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த காயை எடுத்தார்.